முன்பணம்

ஏலச்சீட்டு எனக்கு விழுந்த மாதம்
காட்பாடியில், பேக்கரிக்கு மேல்மாடியில்
இரண்டு தாள்களை மேசைமேல் விரித்தாள் ஷபானா.
ஒன்றில் வெள்ளைக் கப்பல்.
இன்னொன்றில் கடலுக்குள் கால் ஊன்றிய குடில்.
"தீவுங்க அதேதான் மேடம்,
தங்குறதுதான் வேற.
முன்பணம் சனிக்கிழமைக்குள்ள."

கீழே பன் வேகும் வாசனை.
மின்விசிறிக் காற்றில்
கப்பல் தாள் மட்டும் எழுந்து எழுந்து படுத்தது.

முனிரத்தினத்துக்குக் கப்பல்தான்.
இருபத்திரண்டு வருஷமாகப்
பள்ளிகொண்டாவுக்கும் அணைக்கட்டுக்கும் நடுவே
ஆழ்குழாயில் மோட்டார் இறக்குகிற மனுஷன்.
தண்ணீர் அவருக்கு அடிக்கணக்கு.
எழுநூறு, தொள்ளாயிரம்,
ஆயிரத்து நூறில் கொஞ்சம் ஈரமண்,
ஆயிரத்து இருநூறில் வெறும் புகை.
"தோண்டாம கீற தண்ணி மே" என்றார்.
"ஒரு தபா மேல நின்னுகினு பாக்கணும்.
இன்னா ஆழம்னு ஒருத்தனும் என்னக் கேக்கக்கூடாது."

ஏலகிரி பதினாலு வளைவில்
ஐந்தாவதிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டவர்
கப்பலில் என்ன செய்வீர்கள் என்றேன்.
"அது மலை."

எனக்குக் கப்பல் வேண்டாம்.
படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது:
நீளத் தாழ்வாரம், இருபக்கமும் எண் போட்ட கதவுகள்,
மணிக்கட்டில் பட்டை, மணியடித்தால் சாப்பாடு,
ஒலிபெருக்கியில் யாரோ யாரையோ
கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.
பத்தொன்பது வருஷமாக
நான் இரவுப்பணி பார்க்கிற கட்டடம் அது.
மிதக்கிறது, அவ்வளவுதான்.

குடிலில் தரை நடுவே ஒரு கண்ணாடிச் சதுரமாம்.
கீழே மீன் போகுமாம்.
குப்புறப் படுத்துக்கொண்டு பார்க்கலாம்.
எந்த மீனுக்கும் காய்ச்சல் பார்க்க வேண்டியதில்லை.
எந்த மீனின் மைத்துனனும் வந்து
"சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு" என்று நிற்கமாட்டான்.

சோற்றுத் தட்டின்மேல் பேசினோம்.
கோட்டை அகழியைச் சுற்றி நடந்தபடி பேசினோம்.
பாலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தியும்.
கீழே மணலில் மூன்று ஸ்டம்பு நட்டு
பையன்கள் நோபாலுக்குச் சண்டை போட்டார்கள்.
"நாலு நாளு ஒரே குடிசைல இன்னா பண்றது?"
"என்னோடு பேசலாம்."
அவர் ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார்.
ஏற்கெனவே துடைத்ததுதான்.

வெள்ளிக்கிழமை நூற்று ஒன்பது டிகிரி.
ராத்திரி மின்சாரமும் போனது.
மொட்டைமாடியில் பாய் விரித்தோம்.
அவர் எழுந்து, தொட்டியை விரலால் தட்டி,
"முக்கா அடி" என்றார் இருட்டுக்குள்.
வந்து படுத்தார். வெகுநேரம் கழித்து,
"அந்தக் கண்ணாடிக்குக் கீழ, தரை எத்தினி அடில?"
தெரியாது என்றேன்.
"கேட்டு வை."

எனக்குத் தூக்கம் வரவில்லை.
கப்பல் விளிம்பில் இந்த ஆள் குனிந்து நிற்க
நான் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருப்பது
நன்றாகவே தெரிந்தது.
அங்கேயும் பணிதான்.
ஆனால் ஒரே ஒரு நெற்றி.
சிரித்துவிட்டேன்.
"இன்னா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

சனிக்கிழமை ஷபானா பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.
அவர் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுக்க,
கூடவே வாந்தி மாத்திரை அட்டை ஒன்று வந்து விழுந்தது.
பத்தில் இரண்டு இல்லை.
நான் பார்த்தேன்.
"செவ்வாக்கெழம ஏலகிரில ஒரு மோட்டார் வேல," என்றார்
சுவரைப் பார்த்துக்கொண்டு.
"பன்னெண்டு வளைவு தாங்கிச்சு."

"கப்பல் போட்டுடும்மா" என்றேன்.
"அறைக்குள்ள ஒலிபெருக்கிய
நிறுத்த முடியுமான்னு கேளு."
கப்பலையே பார்த்திராத அந்தப் பெண்
அதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.
"ஜன்னல் இருக்கிற அறையா இருக்கட்டும்.
இவர் தலையை வெளியே விடணும்."

"கப்பல் ஜன்னல் திறக்காது மேடம்."

அவர் எச்சில் தொட்டு
நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
பாதியில் கணக்கு விட்டுப்போய்
மறுபடி முதலிலிருந்து.